ஈரல் மாத்திரை

"அந்த இங்கிலீஷ் மாத்திரைய நிப்பாட்டினாத்தான் கசாயம் ஈரல்ல புடிக்குமாம்" என்றாள் கிருஷ்ணகுமாரி. சொல்லிவிட்டுத் தம்பி பெண்சாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புஷ்பம் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். விறகு ஈரம், புகை கிளம்பியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள அது போதும்.

"யாரு மதினி சொன்னது?"

"வெதமாத்தயா தான். ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பன் காலத்துலருந்தே நாட்டு வைத்தியம் பாக்கிறவங்க. நம்ம கீழ் டிவிசன்ல ஒருத்தரு வயிறு ஊதிக் கெடந்தாரே, அவரு இப்ப சைக்கிள் மிதிக்கிறாரு! நாப்பத்தெட்டு நாளு கசாயம். எண்ணெ கூடாது, கருவாடு கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. ரெண்டும் வயித்துல சேந்தா வெஷமாம்."

"ஆஸ்பத்திரில நிப்பாட்டச் சொல்லலீங்களே."

"அவங்க எப்ப நிப்பாட்டச் சொன்னாங்க? ரெண்டு வருசமா குடுக்கிறாங்க, கொணமாச்சா?" கிருஷ்ணகுமாரி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "என்ன புள்ள யோசிக்கிற? ஈரலுக்குத்தானே அந்த மாத்திரை?"

"ஆமாங்க மதினி. ஈரலுக்குத்தான்."

இரண்டு வருஷமாக இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் புஷ்பத்துக்கு அது பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஏழுமலை உடம்பு வற்றி, மாதக்கணக்கில் இருமி, பால் வாளியைத் தூக்க முடியாமல் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிருமி இருந்தது. ஒன்று எச்.ஐ.வி. மற்றது ஈரலில் குடியிருக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை. இரண்டும் வருகிற வழி ஒன்றுதான், அதனால் சில பேருக்குச் சேர்ந்தே இருக்கும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னாள். ஏழுமலை நாலு வருஷம் கொழும்பில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். புஷ்பம் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். அவள் இரத்தத்தில் இரண்டுமே இல்லை. ஈரல் கிருமி வராமலிருக்க மூன்று தவணையாகத் தடுப்பூசி போட்டார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே மாத்திரை. தினம் ஒண்ணு. சாகிற வரைக்கும்" என்ற மிஸ், உடனே தலையை ஆட்டித் திருத்திக்கொண்டாள். "இல்ல இல்ல, உசுரோட இருக்கிற வரைக்கும்."

"லயத்துல கேட்டா என்னன்னு சொல்றது மிஸ்?" என்று புஷ்பம் கேட்டாள்.

"அக்மாவட்ட கியலா கியன்ன" என்றாள் மிஸ். ஈரலுக்கென்று சொல்லுங்கள். "அது பொய்யும் இல்லையே."

பொய் இல்லைதான். பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு புஷ்பம் குடும்பம் நடத்தினாள்.

லயத்தில் ஈரல் நோய்க்கு ஒரு மரியாதை உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மோர் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற சுமன்தான் வாசலில் நின்று சத்தம் போட்டான்.

"அண்ணே, ஈரல் போயிருச்சாமே! எங்களுக்கு ஒரு சொட்டுக் காட்டாம எங்கண்ணே ஒளிச்சு வச்சி ஊத்தினீங்க?"

"போடா, ஒனக்குக் குடுத்தா எனக்கு மிஞ்சுமா?" என்றான் ஏழுமலை. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். குடிகாரன் என்ற பேரைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். மற்றப் பேரை விட அது எவ்வளவோ கௌரவம். மேல் டிவிசனில் ஒருவனுக்கு அந்த நோய் என்று யாரோ கிளப்பிவிட்டதில், பால் நிறுக்கிற ஸ்டோரில் அவன் வாளியைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். அவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஆறு மாதத்தில் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டான்.

இன்னொன்றும் இருந்தது. லயத்தில் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். ஆகவே புருஷனும் பெண்சாதியும் தனியாக இருக்கும்போதும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. முதலில் 'அது' என்றார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு 'ஈரல்' என்றார்கள். ஈரலுக்கு மாத்திரை போட்டாச்சா, ஈரல் கிளினிக் எத்தனாந்தேதி, இப்படி.

வாயில் வராத நோய் கொஞ்சம் கொஞ்சமாக மனதிலிருந்தும் போய்விடும் என்று புஷ்பத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? போன கிளினிக்கில் மிஸ் கடதாசியைப் பார்த்துச் சிரித்தாள். "வைரஸ் பேன்னே நே." கிருமி தெரியவில்லை. மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவு ஒழுங்காகக் குடிக்கிறீர்கள் என்று விளக்கமும் சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஏழுமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இல்லையாம்ல?" என்றான்.

"தெரியலைன்னாங்க."

"தெரியலைன்னா இல்லைன்னுதானே புள்ள?"

அந்த பஸ்ஸில் முக்கால்வாசி சிங்களவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியும், இவளுக்குச் சிங்களம் தெரியும். எந்தப் பாஷையில் பேசி மறைப்பது? புஷ்பம் வாயை மூடிக்கொண்டாள். இல்லை என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

இப்போது கசாயம் வந்து நிற்கிறது.

அன்று சாயந்தரமே புஷ்பம் பேச்சை எடுத்தாள். ஏழுமலை கால் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தான்.

"கசாயத்த வேணும்னா குடிங்க. மாத்திரைய நிப்பாட்ட வேணாம்."

"ரெண்டும் சேந்தா வெஷமாம். அக்கா சொல்லலியா?"

"அப்ப கசாயம் வேணாம்."

"ஈரலுக்கு நல்ல மருந்து கெடைக்கிறப்போ வேணாம்ங்கிற. நல்ல பொம்பளடி நீ!"

"ஏங்க, அந்த மாத்திரை ஈரலுக்கு மட்டுமா குடுத்தாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"பின்ன எதுக்கு?"

பக்கத்துக் காம்பராவில் சுமன் ரேடியோவை நிறுத்தினான். சும்மா பாட்டு முடிந்து நிறுத்தியிருப்பான். ஆனாலும் அந்தக் கணத்தில் சுவருக்கே காது முளைத்தது போல இருந்தது. புஷ்பம் கையால் மேலே இருக்கிற இடைவெளியைக் காட்டினாள்.

"சொல்லு புள்ள, பின்ன எதுக்கு?" ஏழுமலை மறுபடியும் கேட்டான். வம்புக்குக் கேட்கவில்லை. இவளால் சொல்ல முடியாமல் போனால், சொல்வதற்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஆகிவிடாதா? அந்த ஆசை அவன் கண்ணில் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள் புஷ்பம்.

"நாப்பத்தெட்டே நாளு. முடிஞ்ச மறுநா மாத்திரைய ஆரம்பிச்சிர்றேன். போதுமா?"

போதாது என்று அவளுக்குத் தெரியும். அவன் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, தேயிலைக் கொழுந்து மலைப் பக்கம் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். போனில் மிஸ்ஸின் நம்பரைத் 'தையல் அக்கா' என்று போட்டு வைத்திருந்தாள்.

"ஐயோ, ஒரு நாள் கூட நிப்பாட்டக் கூடாது!" என்று மிஸ் சிங்களத்தில் கத்தினாள். "எச்.ஐ.வி. கூட மெதுவாத்தான் வரும். ஈரல்ல இருக்கிறது அப்பிடி இல்ல. மாத்திரைய எடுத்தா துள்ளி எழும்பும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். அவன் தட்டில் இருந்த சோற்றைக் காட்டினான். "பாரு, ரெண்டாந்தடவ போட்டுத் திங்கிறேன். காலைல மேட்டுல ஏறி எறங்கினேன், மூச்சு வாங்கல. இத விட்டுட்டு ஒன் மிஸ்ஸ பாக்க வரணுமா?"

உண்மையில் ஆள் தெளிவாகத்தான் இருந்தான். ஒருநாள் புஷ்பம் மாத்திரையை இடித்துத் தேங்காய்ச் சம்பலில் கலந்து வைத்தாள். முதல் வாயிலேயே துப்பிவிட்டான். "என்னாத்த போட்ட? கசாயம் குடிக்கிறவனுக்கு வெஷம் வைக்கிறியா?" சத்தம் கேட்டுக் கிருஷ்ணகுமாரி ஓடி வந்தாள். தட்டை மோந்து பார்த்தாள். அன்றிலிருந்து தம்பிக்குச் சோறும் அவளே கொண்டுவந்தாள், கசாயமும் அவளே ஊற்றினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை, வேலை விட்டு வந்ததும் ஒரு கோப்பை. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவன் குடித்து முடிக்கும் வரை எதிரில் நிற்பாள். அடியில் மண்டி தங்கினால், "அதத்தான்டா குடிக்கணும், சத்து அங்கதான் இருக்கு" என்பாள்.

புஷ்பம் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மதினி கோப்பையைக் கீழே போட்டுவிடுவாள். அதோடு தம்பியையும் போட்டுவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். நாளை வந்தது, போனது. நாள் இருபதாகி முப்பதாகியது.

முப்பத்தொன்பதாம் நாள் அவன் கண் மஞ்சளாகியது.

"மதினி, கண்ணப் பாருங்க."

கிருஷ்ணகுமாரி தம்பியை வெளிச்சத்துக்கு இழுத்து, இமையை விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வெளியாகுது! வெதமாத்தயா சொன்னாரு புள்ள, கடைசியில பித்தம் பூரா கண்ணு வழியா, மூத்திரம் வழியா வெளியாகும்னு. பயப்படக் கூடாதுன்னு சொன்னாரு."

"வாந்தி எடுக்கிறாருங்க. சோறு எறங்கல."

"அதுவும் வெளியாகிறதுதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மதினி."

"முப்பத்தொம்பது நாளு குடிச்சிட்டு இப்பப் போயி நிப்பாட்டுவியா? ஒம்போது நாளு கெடக்கு. நடுவுல விட்டா மருந்தே ஆள அடிச்சிரும்."

ஏழுமலை அக்காவையும் பார்த்தான், பெண்சாதியையும் பார்த்தான். "ஒம்போது நாளுதானே" என்றான். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது.

இரண்டு நாள் கழித்து, பால் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கையில் வைத்தபடியே மரத்தோடு சரிந்தான். பேரைக் கேட்டால் சொன்னான். இன்றைக்கு என்ன கிழமை என்றால் யோசித்தான். இந்தத் தடவை புஷ்பம் யாரையும் கேட்கவில்லை. நிஸார் நானாவின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். கிருஷ்ணகுமாரி பிளாஸ்க்கில் கசாயத்தை ஊற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணு மஞ்சக் கெழங்காட்டம் ஆயிருச்சே!" என்றார் நிஸார். "எப்பிடி இவ்வளவு நாளு விட்டீங்க?"

"மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம் நானா" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"என்ன மருந்து?"

"ஈரலுக்கு."

நிஸார் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். பிறகு ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

வார்டில் இருந்த டொக்டர் சின்னப் பெண். சட்டையில் தக்‌ஷிகா என்று பேர் குத்தியிருந்தது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவள்.

"நீங்கள் இவற்ற மனுசியோ? எப்ப தொட்டுக் கண் மஞ்சளாக் கிடக்கு? என்ன மருந்து எடுத்தவர்?"

"தமிழ்தான் பேசுது புள்ள" என்று கிருஷ்ணகுமாரி புஷ்பத்தின் காதில் சொன்னாள். "ஆனா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுது." பிறகு டொக்டரிடம் தானே ஆரம்பித்தாள். "ஈரல் கோளாறு டொக்டர். ரெண்டு வருசமா ஈரல் கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க. கேக்கல. இப்ப நாட்டு மருந்து."

"ஈரல் கிளினிக்கோ? எந்த இடத்தில? மாத்திரையின்ர பேர் என்ன?"

கிருஷ்ணகுமாரி புஷ்பத்தைப் பார்த்தாள். புஷ்பம் தரையைப் பார்த்தாள். டொக்டர் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

"நான் கூடப்பொறந்தவ டொக்டர். எனக்குத் தெரியாம என்ன இருக்கு?"

"ஓம், விளங்குது. எண்டாலும் நில்லுங்கோ."

அவள் போன பிறகு டொக்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். "இப்ப சொல்லுங்கோ அம்மா."

புஷ்பம் சொன்னாள்.

"கேக்கேல்லை அம்மா. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிற சொல். அதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. "எச்.ஐ.வி.ங்க. அதோட ஈரல்லயும் கிருமி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மாத்திரை. நாப்பத்தொரு நாளா போடல."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று புஷ்பம் எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்த மாத்திரைதான் ஈரல் கிருமியை அமத்தி வச்சிருந்தது. நிப்பாட்டின உடன அது எழும்பீட்டுது. கசாயமும் அந்த ஈரலுக்கு மேலால பாரம்."

"பொழைச்சிருவாரா?"

"இப்ப சொல்ல ஏலாது. இரத்தம் உறையிறது சரியில்லை. மாத்திரையைத் திரும்பவும் தொடங்குவம், நான் உங்கட கிளினிக்கோட கதைக்கிறன். நீங்கள் சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அது அவற்ற விசயம், உங்கட விசயம். ஆனா அந்த அக்கா கையில ஒரு பிளாஸ்க் கிடக்குது. அதில ஒரு சொட்டும் இவற்ற வாய்க்குள்ள போகக் கூடாது."

வெளியே வந்து புஷ்பம் அதை மட்டும் சொன்னாள். கசாயம் வேண்டாமாம் மதினி.

"அந்தச் சின்னப் புள்ளைக்கு நாட்டு மருந்தப் பத்தி என்ன தெரியும்?" கிருஷ்ணகுமாரி பிளாஸ்க்கை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீ பேசாம இரு. மிஸ்மார் அந்தப் பக்கம் போறப்போ ரெண்டு மூடி ஊத்திர்றேன். ஏழு நாளுதான் பாக்கி. என் தம்பிய நான் அப்பிடியே விட்டுருவேனா?"

விட மாட்டாள். இந்த ஒன்றில் புஷ்பத்துக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நாள் முழுக்கக் கட்டிலைச் சுற்றிக் காவல் நிற்கவும் முடியாது. டொக்டர் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டிய வாய் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் நோய்க்காரனின் சம்மதம் வேண்டும். அவள் திரும்பத் திரைக்குள் போனாள்.

"ஏங்க. முழிச்சிருக்கீங்களா?"

"ம்."

"மதினிக்குச் சொல்லிறட்டுமா?"

"என்னான்னு?"

"ஈரல் மட்டும் இல்லன்னு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பேசுவதற்கு நேரம் எடுத்தது. "அக்கா என்னய இடுப்புல வச்சிக்கிட்டே கொழுந்து எடுத்தவ."

"தெரியும்ங்க."

"இது தெரிஞ்சா அவ என்னயத் தொடுவாளா?"

புஷ்பத்துக்கு 'தொடுவாங்க' என்று சொல்ல வாய் வந்தது. இரண்டு வருஷமாக இப்படி எளிதாக வந்த பேச்சுத்தான் இந்தக் கட்டில் வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

"தெரியாது. ஆனா சொல்லாம இருந்தா கசாயத்த ஊத்திருவாங்க. நீங்களும் குடிச்சிருவீங்க."

"குடிச்சிருவேன்" என்று ஒத்துக்கொண்டான். "அவ குடுத்தா வேணாம்னு சொல்ல வராது." பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "நீயே சொல்லு. நான் கண்ண மூடிக்கிறேன்."

இறுக்கி மூடிக்கொண்டான்.

வார்டுக்கு வெளியே நீளமான நடை. பார்வையாளர் நேரம் என்பதால் கூட்டம். சோற்றுப் பார்சலும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாகச் சனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கிருஷ்ணகுமாரி வாங்குப் பலகையின் ஓரத்தில், நுனியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் போல.

"மதினி, அந்த மாத்திரை ஈரலுக்கு மட்டும் குடுத்தது இல்ல."

"பின்ன எதுக்கு?"

புஷ்பம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு சொன்னாள். மதினிக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை. "அதுன்னா என்ன நோயி?" என்றாள் உரக்க. புஷ்பம் எல்லோருக்கும் தெரிந்த பேரைச் சொன்னாள். "எயிட்ஸ்னு சொல்வாங்களே மதினி. அந்தக் கிருமி. மாத்திரை போட்டா அந்த நெலமைக்குப் போகாது."

கிருஷ்ணகுமாரி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து அவன் குடிச்ச கிளாஸ்ல மிச்சத் தேத்தண்ணிய நான்தான் குடிச்சேன்."

"அப்பிடி ஒட்டாது மதினி. ரெண்டு வருசமா நான் ஒரே தட்டுல தின்னிருக்கேன். எனக்கு இல்ல. ஈரல் கிருமியும் கிளாஸ்ல ஒட்டாது. ஆனா கூடப்பொறந்தவங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கிறணும்னு மிஸ் சொன்னாங்க. சின்னதுல தாய்கிட்டருந்தும் வந்திருக்கலாமாம். இல்லன்னா ஊசி போட்டுருவாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அவருக்குத் தெரிஞ்ச அன்னைக்கே" என்றாள் புஷ்பம்.

"ரெண்டு வருசமா?" கிருஷ்ணகுமாரி எழுந்து நின்றாள். "எனக்குச் சொல்லச் சொன்னதையும் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டுத்தான் இருந்தியா? அடிப் பாவி, ஈரல் ஈரல்னு சொன்னியேடி! நான் போயி அந்தாளு வாசல்ல நின்னு, 'மாத்தயா, ஈரலுக்கு மருந்து குடுங்க'ன்னு கெஞ்சினேனே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கம் தல வச்சிப் படுத்திருப்பேனா? என் கையாலயே ஊத்தினேன். மண்டியக்கூட விடாம ஊத்தினேன்டி."

இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது புஷ்பத்துக்கு.

"சொல்லியிருந்தா எங்க வீட்ல தண்ணி குடிச்சிருப்பீங்களா மதினி?"

கிருஷ்ணகுமாரி வாயைத் திறந்தாள். குடித்திருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தாள். மேல் டிவிசன்காரன் வீட்டுக் கல்யாணத்தில் சோடாப் போத்தலைக்கூடத் தொடாமல் வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வாய் அப்படியே மூடிக்கொண்டது. பிளாஸ்க்கை வாங்கில் வைத்தாள். வார்டுக் கதவைப் பார்த்தாள். உள்ளே போகாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

புஷ்பம் கசாயத்தைக் கை கழுவுகிற தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அன்று மாத்திரை தொடங்கியது. அதற்குப் பிறகு நாலு நாள், காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்தார்கள். கண் மஞ்சள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ஏழுமலை கிழமையைத் தப்பில்லாமல் சொன்னான். "நல்லதுதான்" என்றாள் தக்‌ஷிகா டொக்டர். "ஆனா இன்னும் கண்டம் தாண்டேல்லை அம்மா. பொய் சொல்லி உங்களைத் தேத்த மாட்டன்." கிளினிக் மிஸ்ஸும் ஒருதரம் வந்து கட்டிலருகே நின்றுவிட்டுப் போனாள். ஈரலுக்கென்று சொல்லச் சொன்னவள் தான்தானே என்று அவளும் நினைத்திருப்பாளோ என்னவோ, புஷ்பத்தின் தோளை இறுகப் பிடித்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"ஆளு எப்பிடி?" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"கொஞ்சம் பேசறாருங்க. ரத்தம் நேத்து இருந்ததுக்குத் தேவலையாம். உறுதியாச் சொல்லல."

"லயத்துல வந்து வந்து கேக்கிறாங்க. மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டேன். சுமன் பயலுக்கு மூஞ்சியப் பாத்தா சந்தேகம் மாதிரி இருக்கு. ஆட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த வெதமாத்தயாகிட்ட போயி கத்திட்டு வந்தேன். அந்தாளு என்னயே கேக்கிறான், 'நோனா, என்ன மாத்திரைன்னு நான் கேட்டப்போ ஈரலுக்குன்னுதானே சொன்னீங்க'ன்னு. என்னத்தச் சொல்றது நான்?"

"தப்பு என்னோடது மதினி."

"ஒன்னோடதுதான்" என்றாள் உடனே. கொஞ்சம் விட்டு, "என்னோடதும்தான்" என்றாள். "ரத்தம் எங்க பாக்கிறது?"

"நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வர்றப்போ பாத்துக்கலாம். இன்னைக்கு வர்றீங்களா?"

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"காலையிலயே குளிச்சிச் சேலை மாத்தினேன். பஸ்ஸும் வந்து நின்னுச்சி. கண்டக்டர் 'நகின்ன அக்கே, நகின்ன'ன்னு ஏறச் சொல்லிக் கூப்பிடறான். கால் ஏறல புள்ள. அவன் மொகத்தப் பாத்து என்ன பேசறதுன்னு தெரியல. அவன் கையப் புடிப்பேனான்னும் தெரியல. எனக்கே என்னயப் புடிக்கல. இன்னும் மனசு வரல. வெரட்டாத."

"வெரட்டலீங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஏழுமலை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அக்காவா?"

"ஆமாங்க."

"எப்ப வருது?"

"பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாள் புஷ்பம். பஸ் இல்லையாம் என்பது நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. மஞ்சள் படிந்த அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. "பஸ்ஸு வந்துச்சாம். ஏற முடியலையாம். இன்னும் மனசு வரலன்னு சொல்றாங்க."

அவன் முகம் சுருங்கியது. அடிபட்ட இடத்தைத் தடவுகிறவன் போல நெஞ்சைத் தடவிக்கொண்டான். புஷ்பம் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு நீட்டினாள். விழுங்கினான். கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"நாளைக்கும் பேசினா" என்றான், "நான் கேட்டேன்னு சொல்லாத. அழுதேன்னும் சொல்லாத."

"நீங்க அழவே இல்லையே."

"இனிமே அழுதாலும் சொல்லாத. அவளுக்கே தோணினா வரட்டும்."

"சரிங்க" என்றாள் புஷ்பம்.